பிற்போக்கு: பின் என்பது எந்தப் பக்கம்?

தமிழில் முற்காலம் என்றால் கடந்துபோன காலம். பிற்காலம் என்றால் இனி வரவிருக்கும் காலம். முன்னோர் மறைந்துபோனவர்கள். 'பின்னாளில் வருந்துவாய்' என்று ஒருவர் எச்சரித்தால் வருத்தம் இனிமேல்தான் வரப்போகிறது என்று பொருள். இந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் முற்போக்காளர் பழங்காலத்தை நோக்கிப் போகிறவராகவும், பிற்போக்காளர் எதிர்காலத்தை நோக்கிப் போகிறவராகவும் இருக்க வேண்டும். யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. மேடையில் ஒருவர் 'பிற்போக்குச் சக்திகள்' என்று முழங்கும்போது கேட்பவர் எவருக்கும் குழப்பம் வருவதில்லை. ஆனாலும் இந்த முரணைச் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. அச்சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பிரித்துப் பார்க்க இதுதான் நுனி.

காலத்தைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு படிமங்கள் இருக்கின்றன. ஒன்று வரிசை. முதலில் வந்தவர் முன்னால் நிற்கிறார், அடுத்து வந்தவர் அவருக்குப் பின்னால். முன்னோர், முற்காலம், பிற்காலம், பின்னாள் எல்லாம் வரிசைச் சொற்கள். மற்றது நடை. ஒருவர் பாதையில் போய்க்கொண்டிருக்கிறார். வரப்போவது கண்ணுக்கு முன்னால், கடந்தது முதுகுக்குப் பின்னால். முன்னேற்றம், பின்வாங்கல் போன்றவை நடைச் சொற்கள். பிற்போக்கு இந்த இரண்டாவது குடும்பத்தில் பிறந்தது. வரிசையில் நிற்பவருக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்று தேவையில்லை, நடப்பவருக்குத் தேவை. ஆகவே ஒரு கருத்தைப் பிற்போக்கு என்று சொன்ன கணமே, வரலாறு ஒரு பாதை, அது போய்ச்சேரும் இடம் ஒன்று உண்டு, அது எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். விவாதிக்க வேண்டியது அந்த மூன்றைத்தான். பெயரடையோ விவாதத்தை முடித்து, தீர்ப்பையும் எழுதி, கையெழுத்தையும் போட்டுவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், எந்த ஐரோப்பியச் சொல்லுக்கு இணையாக இது புழங்குகிறதோ அந்தச் சொல்லில் பாதையே கிடையாது. ரியாக்‌ஷனரி என்பதன் வேர், எதிர்வினை. 1687இல் வெளிவந்த தம் நூலில் ஐசக் நியூட்டன் வகுத்த மூன்றாம் விதியைப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு. சுவரை நாம் தள்ளினால் சுவர் நம்மைத் தள்ளுகிறது. சுவருக்குப் பழமையின்மீது பற்று என்று யாரும் சொல்வதில்லை. தள்ளப்பட்டதால் தள்ளுகிறது, அவ்வளவுதான். இயற்பியலில் இச்சொல் எவரையும் திட்டவில்லை.

அது அரசியலுக்குள் வந்தது பிரெஞ்சுப் புரட்சியின்போது. 1794 ஜூலை 27 அன்று, புரட்சி நாட்காட்டியில் தெர்மிதோர் மாதம் 9ஆம் நாள், புரட்சியின் தீவிர அணித் தலைவர் ரொபெஸ்பியேர் பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டார். மறுநாள் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அதைத் தொடர்ந்து வந்த மாதங்களை வரலாறு தெர்மிதோர் எதிர்வினை என்று அழைக்கிறது. அந்தத் தீவிர அணியின் கூடமான ஜாக்கொபின் மன்றம் நவம்பரில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு லியோன், மார்செய் போன்ற தெற்கத்திய நகரங்களில் சிறைகளுக்குள் புகுந்து பழைய ஜாக்கொபின்களைக் கொன்றார்கள். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ரொபெஸ்பியேரைக் கவிழ்த்தவர்களில் முன்னணியில் நின்ற தல்லியேன், ஃபூஷே, பரா மூவரும் மன்னர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை கேட்டு வாக்களித்தவர்கள். மன்னராட்சியை மீட்பது அவர்கள் நோக்கமாக இருந்திருக்க முடியாது; மன்னராட்சி திரும்பியிருந்தால் முதலில் போவது அவர்கள் தலைதான். அரசியல் வரலாற்றில் எதிர்வினை என்ற பெயரை முதலில் வாங்கிக்கொண்டது புரட்சிக்காரர்களின் ஒரு பிரிவு. 'பின்னோக்கிப் போகிறவர்' என்ற வரையறைக்குள் அவர்களை அடக்கவே முடியாது.

தாராளவாதச் சிந்தனையாளர் பெஞ்சமின் கொன்ஸ்தான் 1797இல் அரசியல் எதிர்வினைகள் என்ற தலைப்பிலேயே ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பார்வை ஏறத்தாழ ஒரு பொறியாளருடையது. ஒரு மக்களின் நிறுவனங்கள் அவர்களுடைய கருத்துகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொருத்தம் குலைந்தால் புரட்சி வரும். புரட்சி அந்த மட்டத்தைத் தாண்டிப் போனால் எதிர்வினை வரும். எதிர்வினையில் இரண்டு வகை காண்கிறார்: மனிதர்கள்மேல் பாய்வது ஒன்று, கருத்துகள்மேல் பாய்வது ஒன்று. முதல் வகை பழிவாங்கல், இரண்டாம் வகை சிந்தனையையே பின்னுக்கு இழுப்பது. (கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்று ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த நூலில் இருந்த ஒரு பத்திக்கான பதில்தான். எதிர்வினை பற்றிய நூலுக்கு வந்த எதிர்வினை.) கொன்ஸ்தான் கையில் இச்சொல் இன்னும் ஓரளவு அளவுகோலாகவே இருந்தது, வசவாக முழுக்கக் கெட்டிப்படவில்லை.

அதே காலத்தில் எதிர்முகாமில் இருந்த, மன்னராட்சியை ஆதரித்த சிந்தனையாளர் ஜோசப் த மேஸ்த்ர் வேறொரு கோணத்தைத் திறந்தார். மன்னராட்சி மீள்வதை எதிர்ப்புரட்சி என்கிறார்கள். அது எதிர்த்திசையில் நடக்கும் இன்னொரு புரட்சியாக இருக்காது, புரட்சிக்கு நேர்மாறானதாக இருக்கும் என்பது அவர் வாக்கு. சொல் அழகு இருக்கிறது. ஆனால் அது நடக்கவில்லை, நடக்கவும் முடியாது என்பதைக் காட்ட அடுத்த முப்பது ஆண்டுகளே போதுமாக இருந்தன.

இந்த இடத்தில் அண்ணன் தம்பி இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பழமைவாத என்ற பெயரடைக்கும் பிற்போக்கு என்ற பெயரடைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு அரியணைக்கு வந்த பதினெட்டாம் லூயி 1814இல் ஓர் அரசியல் சாசனம் தந்தார். சட்டத்தின் முன் சமத்துவத்தை அது ஏற்றது. புரட்சியின்போது பறிமுதல் செய்து விற்கப்பட்ட நிலங்கள் வாங்கியவர்களுக்கே உரியவை என்று உறுதி கூறியது. 1815இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, மன்னரைவிட அதிகமாக மன்னராட்சிப் பற்றுக் கொண்டவர்களால் நிரம்பி வழிந்தபோது, அடுத்த ஆண்டே அவர் அதைக் கலைத்தார். அவர் நடந்தது நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட மன்னர். அவருடைய தம்பி ஆர்த்துவா கோமகன், 1789இல் பாஸ்தீய் சிறை வீழ்ந்த சில நாட்களிலேயே நாட்டை விட்டு ஓடியவர். 1824இல் பத்தாம் சார்லஸ் என்ற பெயரில் அரியணை ஏறினார். மறு ஆண்டு ரைம்ஸ் பேராலயத்தில் பழைய முறைப்படி முடிசூட்டு விழா. திருச்சபையின் அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்தை அவமதித்தால் மரண தண்டனை என்று ஒரு சட்டம். புரட்சியில் நிலம் இழந்த பிரபுக்களுக்கு இழப்பீடு. 1830 ஜூலையில் பத்திரிகைச் சுதந்திரத்தை முடக்கி, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையைக் கலைத்து, வாக்குரிமையைச் சுருக்கி ஆணைகள் பிறப்பித்தார். பாரிஸ் மூன்று நாட்கள் கொதித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர் முடி துறந்தார்.

அண்ணன் பழமைவாதி, தம்பி பிற்போக்காளர். பழமைவாதி கையில் இருப்பதைக் காக்கிறவர். அதற்காக மாற்றங்களை அளந்து ஏற்றுக்கொள்ளவும் செய்வார். மாறுவதற்கான வழி இல்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழி இல்லை என்று 1790இலேயே எழுதியவர், பழமைவாதத்தின் தந்தை என்று சொல்லப்படும் எட்மண்ட் பர்க். பிற்போக்காளருக்குக் காப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அவர் விரும்பியது ஏற்கெனவே தொலைந்துவிட்டது. தொலைந்ததை மீட்க இருப்பதை உடைக்க வேண்டும். ஆகவே குணத்தில் அவர் புரட்சிக்காரருக்குத்தான் நெருங்கிய உறவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்தாம் சார்லஸால்கூடப் பிரபுக்களின் நிலத்தைத் திருப்பித் தர முடியவில்லை. நிலம் கைமாறிக் கைமாறி யார் யாரிடமோ போய்விட்டிருந்தது. கடைசியில் அரசு கடன்பத்திரங்களாகத்தான் இழப்பீடு கொடுத்தார். நிலப்பிரபுத்துவத்தை மீட்க வந்தவர் பங்குச்சந்தையின் கருவியைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் போகிறேன் என்று கிளம்புகிறவர் ஒருபோதும் பின்னால் போய்ச்சேருவதில்லை. இதுவரை இல்லாத ஏதோ ஓரிடத்துக்குத்தான் போய்ச்சேருகிறார். பிற்போக்கு என்ற சொல் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது என்பது அதன்மேல் எனக்குள்ள முதல் புகார்.

அப்படியானால் பாதை எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? 1848இல் மார்க்சும் எங்கெல்சும் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையில் அது தெளிவாகத் தெரிகிறது. சிறு உற்பத்தியாளர், கடைக்காரர், கைவினைஞர், உழவர் ஆகியோர் முதலாளி வர்க்கத்தை எதிர்த்துப் போராடுகிறார்கள்தாம். ஆனால் தங்கள் இருப்பைக் காத்துக்கொள்ளவே போராடுகிறார்கள். அதைவிட, வரலாற்றின் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டப் பார்ப்பதால் அவர்கள் எதிர்வினையாளர்கள் என்கிறது அறிக்கை. சக்கரம் வந்துவிட்டது, சக்கரம் வந்தால் பாதை வரும். நியூட்டனின் சுவர் போய், வண்டி வந்தது இந்த இடத்தில்தான். தமிழில் இச்சொல் பெரும்பாலும் இடதுசாரி எழுத்துகள் வழியாகப் பரவியதால் நமக்குக் கிடைத்தது வண்டிப் பொருள். அதற்கு முந்தைய சுவர்ப் பொருள் நம் சொல்லுக்குள் நுழையவே இல்லை.

ஆனால் மார்க்சைப் பொறுத்தவரை இச்சொல் எங்கு வேண்டுமானாலும் தெளிக்கும் பன்னீர் அல்ல. 1875இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வரைவுத் திட்டம், தொழிலாளி வர்க்கத்துக்கு எதிரே மற்ற எல்லா வர்க்கங்களும் ஒரே பிற்போக்குக் கும்பல் என்று அறிவித்தபோது அவர் கடுப்பாகிவிட்டார். கைவினைஞரிடமும் உழவரிடமும் போன தேர்தலில் போய், நீங்களும் முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் ஒரே கும்பல் என்று சொன்னீர்களா என்று கேட்டார். அதே உழவரைப் பற்றி 1848இல் மார்க்சும் எங்கெல்சுமே சொன்னது நினைவிருப்பவர்களுக்கு இது சுவாரசியமான இடம். அறிக்கையிலேயே அதற்கு ஒரு துணைவாசகம் இருந்தது: தொழிலாளி வர்க்கத்தோடு சேரவிருக்கும் நிலையில் அவர்கள் புரட்சிகரமானவர்களும் ஆவார்கள். அதாவது, பெயரடை ஆளுக்கு ஒட்டப்படவில்லை. அவர் நிற்கும் உறவுக்கு ஒட்டப்பட்டது. இந்த நுணுக்கம் பின்னால் வந்தவர்களிடம் காணாமல் போயிற்று.

மற்ற மொழிகள் இச்சொல்லை எப்படி வாங்கிக்கொண்டன என்று பார்த்தால் நம் தேர்வின் தன்மை இன்னும் துலங்கும். இந்தியில் பிரதிக்ரியாவாதி, வங்காளத்தில் பிரதிக்ரியாஷீல். இரண்டிலும் பிரதிக்ரியா, அதாவது எதிர்வினை, அப்படியே இருக்கிறது. சீனத்தில் ஃபான்தோங், ஜப்பானியத்தில் ஹான்தோ. இரண்டுக்கும் ஒரே எழுத்துகள், பொருள் எதிர் அசைவு. அரபு மொழியின் ரஜ்இய்யா திரும்பிப் போதல் என்ற வேரிலிருந்து வந்தது. மலையாளத்தின் பிந்திரிப்பன் பின்னால் திரும்புகிறவர். ஆக ஒரு கூட்டம் மொழிகள் சுவரை எடுத்துக்கொண்டன, இன்னொரு கூட்டம் வண்டியை. தமிழும் மலையாளமும் அரபும் வண்டியில் ஏறின. எதிர்வினை என்று சொல்லும் மொழியில், எதற்கு எதிர்வினை என்ற கேள்வி தானாகவே எழும். பிற்போக்கு என்று சொல்லும் மொழியில் அந்தக் கேள்வி எழ வேண்டிய கட்டாயம் இல்லை. இது என் இரண்டாவது புகார், முதலாவதைவிடப் பெரியது.

தமிழுக்கு உள்ளே இச்சொல் எந்த உருவத்தில் வருகிறது என்பதும் பொருளை மாற்றுகிறது. பிற்போக்குவாத அரசியல் என்று எழுதினால் அது ஒரு கோட்பாட்டைக் குறிக்கிறது. அதற்குச் சிந்தனையாளர்கள் உண்டு, வரலாறு உண்டு, எதிர்த்து வாதாடலாம். பிற்போக்குத்தனமான பேச்சு என்று எழுதினால் அது ஒரு குணத்தைக் குறிக்கிறது. தனம் என்ற விகுதி முட்டாள்தனம், சோம்பேறித்தனம், கஞ்சத்தனம் என்று பெரும்பாலும் வசவுகளோடு பழகிய விகுதி. கெட்டிக்காரத்தனம் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. தனமான என்று முடித்த உடனே விளக்க வேண்டிய பொறுப்பு நம்மை விட்டுப் போய்விடுகிறது. செய்தித்தாளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு எரிச்சல் வருகிறது.

பக்கத்துச் சொற்களோடும் குழம்புகிறோம். பின்தங்கிய என்பது வேகம் குறைந்தவரைப் பற்றியது. அவரும் அதே திசையில்தான் போகிறார். பிற்படுத்தப்பட்ட என்பதில் இலக்கணமே ஒரு குற்றச்சாட்டு: யாரோ அவரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். பிற்போக்கு மட்டுமே தானாக விரும்பித் திசை மாற்றுவது. தங்குதல், தள்ளப்படுதல், போதல் என்று மூன்று வினைகளை இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில், படிப்பறிவு எட்டாத ஒரு சமூகத்தின் வழக்கத்தைப் 'பிற்போக்கானது' என்று எழுதுவது கருத்துப் பிழை மட்டுமல்ல, மொழிப் பிழையும்கூட. மாற்றமே வந்து சேராத இடத்தில் மாற்றத்துக்கு எதிர்வினை எப்படி இருக்கும்?

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் பட்ட பாடு தனி. எல்லாப் பிற்போக்காளர்களும் காகிதப் புலிகள் என்று 1946 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்கிடம் மாவோ சொன்னார். காகிதப் புலி உலகெங்கும் ஓடியது. பிற்போக்காளர் யார் என்ற வரையறை அதன் பின்னால் ஓடவில்லை. இதன் உடன்பிறப்பான எதிர்ப்புரட்சி, சீனாவில் குற்றவியல் சட்டத்திலேயே குற்றமாக இருந்தது. 1997இல்தான் அந்தப் பெயர் நீக்கப்பட்டு நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்தல் என்று மாற்றப்பட்டது. பெயரடை குற்றப்பத்திரிகையில் ஏறினால் வரையறையின் தளர்ச்சி அதிகாரத்துக்கு வசதியாகிவிடும்.

மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. நாஜிக் கட்சியின் கீதமான ஹோர்ஸ்ட் வெஸ்ஸல் பாடலில், சிவப்பு முன்னணியாலும் (கம்யூனிஸ்டுகளின் அமைப்பு) ரியாக்‌ஷனாலும் சுட்டுக் கொல்லப்பட்ட தோழர்கள் நம்மோடு அணிவகுக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. அவர்கள் தங்களைப் பிற்போக்காளர்களாக எண்ணவில்லை. பிற்போக்கு அவர்களுக்கும் எதிரி. முசோலினியும் 1932இல் வெளியான தம் கோட்பாட்டு விளக்கத்தில், 1789க்கு முந்தைய உலகத்துக்குத் திரும்புவது பாசிசத்தின் நோக்கமல்ல, த மேஸ்த்ரை அது தன் தீர்க்கதரிசியாக ஏற்கவில்லை என்று எழுதினார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வண்டிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அவர்கள் விமானம், வானொலி, நெடுஞ்சாலை என்று எல்லாப் புதுமையையும் கொண்டாடியவர்கள். எதிர்வினைப் பொருளை எடுத்தால் பிடி கிடைக்கிறது: எதைக் கண்டு அஞ்சினார்கள், யாருடைய எழுச்சியை நொறுக்கக் கிளம்பினார்கள் என்று கேட்கலாம்.

இப்படிக் கேட்பதை ஒரு முறையாகவே ஆக்கியவர் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1991இல் வெளிவந்த நூலில் அவர் ஆட்களை விட்டுவிட்டு வாதங்களைப் பார்த்தார். இரு நூற்றாண்டுகளாகச் சீர்திருத்தத்துக்கு எதிராக வந்த வாதங்கள் மூன்றே அச்சில் வார்க்கப்பட்டவை என்றார்: நீங்கள் செய்வது நேர்மாறான விளைவைத் தரும், என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது, இதைச் செய்தால் ஏற்கெனவே பெற்ற நல்லதையும் இழப்பீர்கள். குடியுரிமை, வாக்குரிமை, சமூகநலத் திட்டம் என எதை எடுத்தாலும் இந்த மூன்றும் வருகின்றன. நூலின் கடைசிப் பகுதியில் முற்போக்காளர்களிடமும் இதே அளவு தேய்ந்த அச்சுகள் உண்டு என்று காட்டிவிட்டார். வரலாறு எங்கள் பக்கம் என்பது அவற்றில் ஒன்று.

இந்தப் பெயரை விரும்பி ஏற்றவர் மிகச் சிலர். கொலம்பியச் சிந்தனையாளர் நிக்கொலாஸ் கோமெஸ் தாவிலா (1913-1994) தம்மைப் பிற்போக்காளர் என்றே அழைத்துக்கொண்டார். ஆனால் ஒழிந்துபோன பழங்காலத்தைக் கனவு காண்பவர் என்ற பொருளை அவர் மறுத்தார். மற்றபடி முற்போக்கு என்று பெயர் வைத்துக்கொண்ட சங்கங்கள் ஏராளம். பிற்போக்கு என்று பெயர்ப்பலகை மாட்டிய சங்கம் எதையும் நான் பார்த்ததில்லை. இந்த ஒருதலைத் தன்மையை உணர்ந்துதான் 1960களில் இலங்கை எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை முற்போக்கு அணியிலிருந்து பிரிந்தபோது நற்போக்கு என்ற சொல்லைப் புனைந்தார். முன்னும் வேண்டாம் பின்னும் வேண்டாம், நல்ல திசை போதும் என்பது போன்ற குறும்பு அதில் இருக்கிறது. எதிர்வினை என்று மொழிபெயர்த்த மொழிகளில் இந்தக் குறும்புக்கு வழியே இல்லை. போக்கு என்ற சொல்லால் நமக்குக் கிடைத்த லாபம் அது.

வண்டிப் பொருள் அடியோடு திணறும் இடம் ஒன்று உண்டு. எட்டு மணிநேர வேலை என்ற சட்டம் ஒரு நாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு அதை நீக்கிப் பன்னிரண்டு மணிநேரம் ஆக்குகிறது. புதிய காலத்துக்குப் புதிய சட்டம், போட்டி உலகில் முன்னேற இதுவே வழி என்கிறது. தொழிலாளர்கள் பழைய சட்டம் திரும்ப வேண்டும் என்று வீதிக்கு வருகிறார்கள். திசையை மட்டும் பார்த்தால் முன்னே போவது அரசு, பின்னே போகக் கேட்பது தொழிலாளர்கள். தமிழ்ச் செய்தியாளர் யாரும் அவர்களைப் பிற்போக்கு என்று எழுத மாட்டார், அரசைத்தான் எழுதுவார். சரியாகத்தான் எழுதுவார். ஆனால் அப்படி எழுதும்போது அவர் கையில் இருப்பது அகராதியில் உள்ள பின்னோக்கிப் போதல் அல்ல. தொழிலாளர் கை ஓங்கியதற்கு எதிராக நடந்த வினை என்ற, நம் சொல்லில் எழுத்தாக இல்லாத அந்தப் பழைய பொருள்.